என் மணிக்கட்டில் இருக்கும் தோல் வார்

நான் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இதில் என்ன அதிசயம் என்று உங்களுக்குத் தோன்றும். நாட்டில் பெரும்பாலானோர் இருந்ததில்லைதானே! ஆனால், பதினோரு வருடமாக ஒரு கல்லூரி முழுவதும் என்னை 'மிலிட்டரிக்காரர்' என்று அழைக்கிறது. ஒவ்வொரு குடியரசு தினத்திலும் என் தோளில் ஒரு பொன்னாடை விழுகிறது. நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்... அடக்கமா அது!

சொல்லிவிடுகிறேன். இதைவிடப் பெரியது ஒன்றும் இருக்கிறது. அதுவரை என்னோடு இருங்கள்.

என் ஊர் அரிமளம். இருபது வயதில் இரண்டு முறை ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனேன். முதல் முறை ஓட்டத்தில் பின்தங்கினேன். இரண்டாம் முறை மார்பளவு பற்றவில்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அளவு நாடா இரக்கம் காட்டவில்லை. பிறகு வளைகுடாவுக்குப் போய் ஒரு கிடங்கில் பதின்மூன்று வருடம். வடநாட்டு ஆட்களோடு ஒரே அறையில் கிடந்ததில் இந்தி வந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள், திரும்பி வந்தேன். வீட்டில் மனைவி செல்வி, எட்டு வயது மகள். எனக்கு வேலை இல்லை.

வரும்போது ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தேன். கறுப்பு முகம், உள்வட்டத்தில் இருபத்து நான்கு மணி எண்கள், பார்த்தாலே பட்டாளத்துச் சாடை. அதனோடு வந்தது ஒரு பச்சை நைலான் வார். ஒரே நீளத் துண்டு, கடிகாரத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வரும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூடப் பையை அறுத்து மாட்டியதுபோல் இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்து, தையல் போட்ட பழுப்புத் தோல் வாராக மாற்றச் சொன்னேன். இந்த வாட்சுக்குத் துணி வார்தான் சரி என்றார் கடைக்காரர். நான் கேட்கவில்லை. பூட்ஸ் தோல், பெல்ட் தோல், வாட்ச் மட்டும் என்ன பாவம் செய்தது என்பது என் கட்சி. ராணுவக் கம்பீரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்... நாடா திருப்பி அனுப்பிய எனக்கு!

அந்த வாரமே, கீரனூர் அருகே திருச்சி சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நம்புங்கள், காவலாளி வேலைக்குத்தான் போனேன். நிர்வாக அலுவலர் என் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் கண் அங்கேயே நின்றது.

"சர்வீஸ் எத்தனை வருஷங்க?" என்று கேட்டார்.

வளைகுடாவில் எத்தனை வருடம் என்றுதான் கேட்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே ஒரு நொடி. அடுத்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான், பதின்மூன்றோடு இரண்டைக் கூட்டி, "பதினஞ்சு வருஷங்க" என்றேன்.

அந்த இரண்டாவது நொடியை என்ன செய்வது, சொல்லுங்கள்!

அவர் இந்தியில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். நான் மடமடவென்று பதில் சொன்னேன். ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான டிஸ்சார்ஜ் புத்தகத்தை அப்புறம் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். காவலாளி வேலைக்குப் போனவன் பாதுகாப்பு மேற்பார்வையாளராக வெளியே வந்தேன். புத்தகத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பெட்டியோடு மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்த அன்றே மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருவர் வந்தார். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், பெயர் ஆரோக்கியசாமி. என் வயதுதான் இருக்கும். காலையிலேயே கிளம்பியிருக்கிறார், அறந்தாங்கி தாண்டிப் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் வேலைக்கு வந்தவர் அவர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். மேற்பார்வையாளரை எடுத்தாயிற்று, வாசல் காவலுக்கு இடம் இருக்கிறது என்றார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டார்.

அவருடைய காகிதங்களை வாங்கிக் கோப்பில் வைப்பது என் முதல் வேலை. எப்படி இருக்கிறது பாருங்கள்! பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அவர் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் வாழ்க்கையில் அன்றுதான் அப்படி ஒன்றைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நிறைய நேரம் புரட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் எதிரே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி வந்தது. குடை பிடித்தும் பிடிக்காமலும் வாசலில் நின்று மாணவர்களை உள்ளே அனுப்புவோம். என் தோல் வார் ஊறி உப்பியது. சாயம் இறங்கிச் சட்டைக் கையெல்லாம் காவி. காய்ந்தால் விறைத்துக்கொண்டு மணிக்கட்டைச் சீவியது. நாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்: மதியம் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்தால் எனக்கே முகம் சுளித்தது.

ஆரோக்கியசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். தை பிறந்து, குடியரசு தினத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அருகில் வந்தார்.

"ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே சார்? எங்க ஆளுக யாரும் டூட்டியில தோலு போட மாட்டாங்க. தண்ணியில ஊறிரும், வேர்வையில நாறிரும். ரெண்டு பக்கமும் குட்டியா பின்னு இருக்கு பாருங்க, தோலுல ஒரு பின்னு போச்சுன்னா வாட்சே கீழ போயிரும். துணின்னா ரெண்டு பின்னுக்கும் அடியில போகும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு புடிச்சுக்கிரும்."

சட்டைப்பையிலிருந்து ஒரு நைலான் வாரை எடுத்தார். வெளுத்துப் பச்சையா சாம்பலா என்று தெரியாத நிறம். அவர் பனியிலும் மணலிலும் கட்டிக்கொண்டிருந்தது.

"இதக் கட்டிக்கங்க சார். குடியரசு தினத்துக்கு ஒரு ரிட்டையர்டு கர்னல் வாராராம்."

அவ்வளவுதான் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, நின்றே போயிற்று. வாரை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் பழுப்புத் தோலைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். பள்ளிக்கூடப் பை என்று எதைக் கேலி செய்தேனோ அதை!

கர்னல் வந்தார். கொடியேற்றினார். நிர்வாக அலுவலர் பெருமையாக என்னை முன்னால் இழுத்து, இவரும் உங்கள் ஆள்தான் என்றார். கர்னல் முகம் மலர்ந்து கையை நீட்டினார். எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார்.

மகள் முகம் நினைவுக்கு வந்தது... அப்போது என் பின்னாலிருந்து தரையே அதிரும்படி ஒரு பூட்ஸ் சத்தம். ஆரோக்கியசாமி விறைப்பாக நின்று வணக்கம் வைத்து, தம் எண், பதவி, படைப்பிரிவு எல்லாவற்றையும் இந்தியில் உரக்கச் சொன்னார். வாசல் காவலாளி வரிசையை விட்டு முன்னால் வந்ததில் நிர்வாக அலுவலருக்குக் கோபம். கர்னலுக்கோ ஆனந்தம்! அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, எங்கெங்கே இருந்தீர்கள் என்று கேட்டபடி தேநீர் மேசைப் பக்கம் போய்விட்டார். என்னிடம் கேட்ட கேள்வியை மறந்தே போனார்.

அவர் கை அந்தத் தோளில் கிடந்தபோதுதான் கவனித்தேன். கர்னல் கட்டியிருந்ததும் தோல் வார்!

மறுநாள் அதைச் சொல்லி ஆரோக்கியசாமியிடம் பாதி விளையாட்டாகக் கேட்டேன். தோல் போட மாட்டார்கள் என்றீர்களே, அவர் போட்டிருக்கிறாரே?

அவர் சிரித்தார். "ரிட்டையர்டு ஆகி ஏசி ரூம்ல இருக்குறவருக்கு என்ன சார், தாராளமாப் போடலாம். அழகாத்தான் இருக்கும்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "வார வச்செல்லாம் ஒருத்தர எடை போட முடியுமா சார்? சர்வீஸ்ல இருந்தவன் இன்னொருத்தனப் பார்த்தா மொதல்ல எந்த யூனிட்டுன்னுதான் கேப்பான். மொத நாளு நீங்க கேக்கல. புக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க. அன்னைக்கே தெரியும். எப்புடிப் பேச்செடுக்குறதுன்னு தெரியாமத்தான் தோலப் பத்திச் சொன்னேன்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருச்சிப் பேருந்து ஒன்று போயிற்று.

"அப்ப ஏன் யார்கிட்டயும்..." என்று தொடங்கினேன்.

"எனக்கு பென்ஷன் வருது சார். ஒங்களுக்கு என்ன இருக்கு? பொம்பளப்புள்ள வேற வச்சிருக்கீங்க."

இவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். நான் நிற்க வேண்டிய வாசலில் நின்றுகொண்டு... அவருடைய இடத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து!

என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மனிதரால். என் மகள் இன்று அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பது அவரால். அவள் தலை நிமிர்ந்து அந்த வாசலைக் கடக்கும் ஒவ்வொரு காலையும் நான் மனதுக்குள் அவரைக் கும்பிடுகிறேன். பெற்ற தாயைத் தவிர எனக்கு இவ்வளவு செய்தவர் இல்லை. அவரை நினைக்கும்போது வருவதில் முக்கால் பங்கு நன்றிதான், உண்மையாகச் சொல்கிறேன்.

மிச்சக் கால் பங்கைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துவந்தேன்.

அடுத்த வருடம் மாணவர் விடுதிக்கு ஒரு தனி மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். நிர்வாக அலுவலர் என்னைக் கூப்பிட்டு, ஆரோக்கியசாமியைப் போடலாமா, ஆள் எப்படி என்று கேட்டார். நாற்காலி, மின்விசிறி, நிழல் எல்லாம் உள்ள வேலை. அதோடு வாராவாரம் நிர்வாகக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய வேலை.

பக்கத்தில்... நிர்வாக அலுவலருக்கு எதிரில்... என்றைக்காவது பேச்சுவாக்கில் ஒரு சொல் தவறி விழுந்தால்?

"அவருக்கு வாசல் கேட்டுதாங்க சரி. முன்கோபம் ஜாஸ்தி, பசங்களோட ஒத்துவராது" என்றேன்.

முன்கோபம்! அந்த மனிதருக்கு! அதிகாரி காரணம் கேட்டதற்கு, குடியரசு தினத்தன்று வரிசையை விட்டு முன்னால் வந்தாரே, பார்த்தீர்கள்தானே என்றேன். ஆம்... என்னைக் காப்பாற்ற அவர் எடுத்துவைத்த அந்த அடியையே எடுத்து அவர் தலையில் போட்டேன். நிர்வாக அலுவலருக்கு அந்தக் கோபம் நினைவிருந்தது, தலையாட்டினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதை அதுவரை கதைகளில்தான் கேட்டிருந்தேன்.

விடுதிக்கு வேறு யாரோ வந்தார். ஆரோக்கியசாமி இன்னும் மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்றார். கடைசி வருடம் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லபடியா வச்சிருந்தீங்க சார் என்றார். அவருக்குத் தெரியாது. பட்டாளத்தானா இல்லையா என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

விடுதி விஷயத்தைப் பேசிய அன்று மாலையே அவருடைய நைலான் வாரைக் கழற்றிவிட்டேன். கைக்கு அது பொறுக்கவில்லை. பழையபடி தோலுக்கு மாறினேன். எங்கள் ஊர் வியர்வைக்குத் தோல் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். வருடா வருடம் புதுக்கோட்டைக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். வாசலில் நிற்கிற வேலைக்கு ஏன்யா தோல், துணி போட்டால் ஆயுளுக்கும் வருமே என்பார். அவர் சொல்வதுதான் சரி. இந்தக் கடிகாரத்துக்கும் இந்த வேலைக்கும் இந்த வெயிலுக்கும் தோலில் ஒரு நியாயமும் இல்லை. இருந்தும் தோலே கொடுங்கள் என்பேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தவர் எவராவது என் மணிக்கட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் கட்டுகிறேன்... இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால், வாரை வைத்து ஒருவரை எடை போட முடியாது என்று அவர் அன்றே சொல்லிவிட்டாரே! அது தெரிந்த பிறகும், பிடிபடவே முடியாத ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிடிபடக் காத்திருக்கிறேன் என்கிறேன். இதற்குப் பெயர் என்ன?

மணமேல்குடி ஒன்றும் கண்காணாத தேசமில்லை. இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம். போய் அந்த வீங்கின முழங்காலின் முன்னால் உட்கார்ந்து நன்றி என்று சொல்ல எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். நன்றி சொன்னால் அடுத்த வாக்கியமாக விடுதியையும் சொல்ல வேண்டும். அதனால் நன்றியையும் சொல்லவில்லை. பதினோரு பொன்னாடைகள் பீரோவில் இருக்கின்றன. அவற்றின் அடியில் அந்த நைலான் வார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரே போன் செய்கிறார். மகள் படிப்பை விசாரிப்பார், கால் வலி பரவாயில்லை என்பார். இந்த வருடமும் செய்தார். வைக்கும் முன்னால் எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"நம்ம வாரு தாங்குதா சார்?"

நான் என் கையைப் பார்த்தேன். போன மாதம் மாற்றிய புதுத் தோல், இன்னும் பளபளப்புப் போகவில்லை.

"தாங்குதுங்க" என்றேன்.

"சந்தோஷம் சார்" என்றார்.

இன்றைக்கும் அவர்தான் என்னை சார் என்கிறார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.