யப்பானிலிருந்து வந்த நேரம்

2008 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டிய என் மகளை நான் பத்து இருபத்தைந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் வயிற்றில் எட்டரை மாதப் பிள்ளை. முதல்நாள் பின்னேரம், பிள்ளையின் அசைவு குறைந்ததுபோல இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, நாளைக்கு ஒன்பதரைக்கு வாருங்கள், இதயத்துடிப்பை இன்னொருமுறை பதிந்து பார்ப்போம் என்று அனுப்பிவைத்தார்கள். அந்த ஐம்பத்தைந்து நிமிடங்கள் எங்கே போயின என்பதை எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிற ஆள். 1983இல் சிட்னிக்கு வந்து இறங்கிய நேரம்கூட முதலாவது கொப்பியில் இருக்கிறது. அப்படிப்பட்டவன், அதே வருட டிசம்பரில் மகள் பிறந்தபோது செய்த பிழை எங்கள் உறவினர் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் இங்கே கோடை, அப்போது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குப் பிறந்த நேரத்தை எழுதி அனுப்பிய நான் அந்தச் சங்கதியை எழுதவில்லை. அவர் பாவம், கடிதத்தில் கண்ட நேரத்துக்கே சாதகக் குறிப்பைக் கணித்து அனுப்பிவிட்டார். பிள்ளை வளர்ந்து கலியாணம் பேசத் தொடங்கி, பொருத்தமில்லை என்று இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போன பிறகுதான் நான் பழைய கொப்பியைப் புரட்டிப் பிழையைக் கண்டுபிடித்தேன்.

"பேரப்பிள்ளைக்காவது நேரத்தைச் சரியாக் குறிச்சு வையுங்கோ," என்று மனைவி அடிக்கடி குத்திக்காட்டுவாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தானோ என்னவோ, வேலை விடயமாக யப்பானுக்குப் போன மருமகன் எனக்கு அந்தக் கைமணிக்கூட்டை வாங்கிவந்தான். வானொலி அலையைப் பிடித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் மணிக்கூடு. ஒரு விநாடிகூடப் பிசகாது என்றான்.

கூடவந்த கையேட்டின் எழுத்து மிகச் சிறியது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து முழுவதையும் இரண்டுதரம் வாசித்தேன். நேரத்தை ஒலிபரப்பும் நிலையங்கள் ஒரு சில நாடுகளில்தான் இருந்தன. அவுஸ்திரேலியா அதில் இல்லை. ஊர்ப்பட்டியலில் சிட்னியைத் தெரிவுசெய்தால் மணிக்கூடு அலையைத் தேடவே தேடாது. ஆகவே தோக்கியோவைத் தெரிவுசெய்தேன். ஆகஸ்டில் யப்பான் நேரம் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கும். அந்த ஒரு மணித்தியாலத்தை நானே பொத்தானை அழுத்திக் கூட்டிவிட்டேன். அலை வந்தால் நிமிடத்தையும் விநாடியையும் மட்டும் திருத்தும், நான் கூட்டிய மணித்தியாலத்தில் கைவைக்காது என்று நினைத்துக்கொண்டேன். கையேட்டில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. நானாக நினைத்ததுதான்.

சிட்னிப் புறநகரான நோர்த்மீடில் எங்கள் வீட்டு வடக்கு யன்னல் விளிம்பில் ஒவ்வோர் இரவும் அதை வைத்துவிட்டுப் படுப்பேன். யப்பான் வடக்கில்தானே இருக்கிறது. பதினொரு இரவுகள் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வியாழன் காலை எழும்பிப் பார்த்தேன். முகப்பில் அலை கிடைத்ததற்கான சிறிய அடையாளம் தெரிந்தது. கடல் கடந்து வந்த நேரம்! மணி ஐந்தரை. அன்றைய குறிப்பில் "ஐந்தரைக்கே வெளிச்சம், பகல் நீளத் தொடங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். ஒரே இரவில் பகல் எவ்வளவு நீளும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க முடியாத சந்தோஷத்தில் இருந்தேன். வீட்டைச் சுற்றிவந்து குசினி மணிக்கூட்டையும், பேறுக்கு எங்களிடம் வந்து நின்ற மகள் படுத்திருந்த அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மணிக்கூட்டையும் யப்பான் நேரத்துக்குச் சரிசெய்தேன். சரிசெய்தேன் என்றுதான் கொப்பியில் இருக்கிறது. உண்மையில் வீடு முழுவதையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தேன். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். நித்திரை என்று நினைத்து ஓசைப்படாமல் கதவைச் சாத்தினேன்.

குசினி யன்னலால் பார்த்த மனைவி சொன்னாள், "பள்ளிக்கூடப் பிள்ளையள் இண்டைக்கு வெள்ளெனப் போகுதுகள், இன்னும் எட்டு மணியாகேல்லை."

"ஏதும் சுற்றுலாவா இருக்கும்," என்றேன்.

ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் போதும் என்று இருந்தோம். என் கையில் எட்டு ஐம்பத்தைந்து ஆனபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. மருமகன்தான். அவன் மெல்பேணில் வேலையாக நின்றான், மத்தியானம்தான் திரும்பிவருவான்.

"மாமா, அவளின்ரை போன் ஓஃப்பிலை கிடக்கு. டொக்டர் என்னவாம்?"

"இன்னும் வெளிக்கிடேல்லைத் தம்பி. ஒம்பதரைக்குத்தானே."

"என்ன மாமா சொல்லுறியள்? பத்து மணியாகப் போகுது."

"மெல்பேணிலையோ?"

"மெல்பேணுக்கும் சிட்னிக்கும் ஒரே நேரம் மாமா!"

நான் விடவில்லை. "உம்மடை மணிக்கூட்டைப் பாரும். இது நீர் வாங்கித்தந்த சாமான், இராத்திரித்தான் யப்பானிலை இருந்து..." என்று சொல்லிக்கொண்டு போனேன். யப்பான் என்ற சொல் வாயைவிட்டு வெளியே வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியை வைத்தேனா, தொங்கவிட்டேனா தெரியாது.

காரை நான்தான் ஓட்டினேன். மகள் பின் ஆசனத்தில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. "இப்ப அசையுதே பிள்ளை?" என்று தாய் ஒருமுறை கேட்டாள். பரமற்றா வீதியின் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எங்களுக்காகவே எரிவதாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ஐரிஷ்காரத் தாதி ஒருத்தி மகளைப் படுக்கவைத்து வயிற்றில் பட்டியைக் கட்டினாள். தண்ணீருக்குள் யாரோ ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதுதான் துடிப்பு. மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அந்த ஓட்டம் மெதுவானது. ஓடியவர் நடக்கத் தொடங்கியதுபோல, பிறகு நின்று நின்று நடப்பதுபோல. தாதியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மகளை இடப்பக்கம் திருப்பிவிட்டுச் சுவரில் ஒரு பொத்தானை அமத்தினாள். எங்கிருந்தோ ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. கையெழுத்து வாங்கினார்கள். கட்டிலின் சில்லுப் பூட்டை விடுவித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்பா, அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள் மகள். இரட்டைக் கதவு மூடிக்கொண்டது. அவளுடைய செருப்பு ஒன்று நிலத்தில் கிடந்தது. மனைவி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

பழக்கதோஷத்தில் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது நாற்பத்தெட்டு. அந்த மணிக்கூட்டின்படி நாங்கள் பிந்தவே இல்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தி வந்து சேர்ந்தவர்கள். அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"எத்தினை மணிக்கு வரச்சொன்னவை?" என்று மனைவி என்னைப் பாராமல் கேட்டாள். அவளுக்குத் தெரியும்.

"ஒம்பதரை."

"நாங்கள் எத்தினைக்கு வந்தனாங்கள்?"

"பத்து இருபத்தைஞ்சு."

அவள் மடியில் கிடந்த செருப்பைத் துடைத்தாள். திட்டியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைப் படம்போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. தேவாரம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது அடி வரவில்லை. உள்ளே ஏதும் நடந்துவிட்டால் இந்த மனிசிக்கு எப்படி முகம் கொடுப்பேன், மத்தியானம் வந்து இறங்கப்போகிறவனுக்கு என்ன சொல்வேன் என்றே மனம் சுற்றியது. பிழை நடந்த இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு கழித்தல். கையால் கூட்டியதை அலை கழித்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்.

கதவு திறந்து தாதி வந்தாள். பெண்பிள்ளை, தாய் நலம் என்றாள். பிள்ளை உடனே அழவில்லை, மூச்சுக்கு உதவி கொடுத்திருக்கிறோம், பிரத்தியேகப் பராமரிப்பு அறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். மனைவி எழுந்து, தன் அரைகுறை ஆங்கிலத்தில் பிறந்த நேரத்தைக் கேட்டாள். தாதி பதினொன்று எட்டு என்று ஒரு துண்டில் எழுதிக்கொடுத்தாள். மனைவி அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். என்னிடம் காட்டவில்லை. இருபத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் நேரத்தை என்னிடம்தான் கேட்பார்கள்.

மறுநாள் டொக்டரிடம் நான் தனியாகப் போனேன். இளம் பெண். ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன். தொப்புள்கொடி கழுத்தில் இறுகியிருந்தது, அது எப்போது இறுகியது என்று யாராலும் சொல்லமுடியாது என்றார். இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், பிள்ளையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் மகளைச் சக்கரக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோக்கியோவையும், வடக்கு யன்னலையும், அவள் கட்டிலடி மணிக்கூட்டை நான் திருப்பிவைத்ததையும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்கள் அறைக்குள்ளை வரேக்கை நான் முழிச்சுத்தான் கிடந்தனான்," என்றாள். "எழும்பினதிலை இருந்து இவள் அசையவே இல்லை. ஜூஸ் குடிச்சுப் பாத்தன். இடப்பக்கம் திரும்பிப் படுத்துப் பாத்தன். நத்திங்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"ஒம்பதரைக்குப் போறம்தானே எண்டு. நீங்கள் போனாப்பிறகு குளொக்கைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். இன்னும் ரண்டு மணித்தியாலம், இன்னும் ஒண்டரை எண்டு எண்ணிக்கொண்டு. ஐ வாஸ் ஸோ ஸ்கெயர்ட், அப்பா. வாயைத் திறந்தால் உண்மையாப் போயிடுமோ எண்டு பயம்."

எழும்பினது எத்தனை மணிக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் கை என் கைக்குள் குளிர்ந்துபோய் இருந்தது. கண்ணாடிக்குள் பிள்ளை ஒரு காலை உதறியது. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அது மறுபடியும் உதறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.