படிகளுக்கு ஒதுக்கிய வெயில்

என் அத்தானை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘மடிப்பு’. அவர் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் பெட்டியில் வைத்து வெளியூருக்குக் கொண்டுபோய்த் திறந்தாலும் மடிப்பு அப்படியே நிற்கும் என்று பேர். அக்கா துவைப்பாள், அத்தான் தேய்ப்பார், வீடுதான் சலவைக்கடை. நான் மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மீதி நேரத்தில் இவர்கள் இரண்டு பேரையும் குறை சொல்லிக்கொண்டு பின்னறையில் குடியிருக்கிறேன்.

எனக்கு மூக்கு மேல் கோபம், வாயும் நீளம். அதனால்தான் கல்யாணம் நிலைக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் பெட்டியோடு இங்கே வந்து நின்ற அன்று ஆளாளுக்கு ஏன், எதற்கு என்று குடைந்தார்கள். அத்தான் மட்டும், காற்று வருகிற அறை வேண்டுமா, சத்தம் இல்லாத அறை வேண்டுமா என்று கேட்டார். பின்னறை என்றேன். அங்கேதான் அவருடைய இஸ்திரி மேசை இருந்தது. மறுநாள் பார்த்தால் மேசை முற்றத்துக் கொட்டகைக்குப் போயிருந்தது. அன்று முதல் அவரை நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவ்வளவு நன்றி உள்ளே இருந்தால் எனக்கு அது கிண்டலாகத்தான் வெளியே வரும்.

எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்வு. கட்டும்போது சமமாகத்தான் இருந்ததாம். பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்துகொண்டே போக, வீடு இருந்த இடத்தில் இருந்துவிட்டது. ஒவ்வொரு தடவை சாலை போட்டபோதும் அத்தான் கேட்டுக்குக் கீழே ஒரு படி கட்டினார். அந்தந்தக் காலத்துக் கொத்தனாருக்குத் தோன்றிய உயரம், அகலம். ஒரு படி முழங்கால் உயரம் நிற்கும், அடுத்தது குழந்தைக்குக் கட்டினது மாதிரி இருக்கும். படி இறங்கினால் சிமென்ட் முற்றம். முற்றம் முழுக்கக் கொடிக்கயிறு. அதைத் தாண்டினால்தான் வீடு.

அத்தானுக்குத் தேய்ப்பது பிழைப்பு என்றால், சாயங்காலம் துணி கொடுக்கப் போவதுதான் வாழ்க்கை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் வீடு வீடாக நின்று பேசிவிட்டுத்தான் வருவார். யார் வீட்டில் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் மறுபடி பேசிக்கொள்கிறார்கள் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொல்வார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பழுதாகி வெகுநாளாகிறது, யாருக்கும் சரி பண்ணத் தோன்றவில்லை.

அவர் பொழுதோடு திரும்ப ஆரம்பித்தபோது நான்தான் முதலில் கேலி பேசினேன், வயசாகிவிட்டது என்று. பேச்சுச் சுருங்கியது. வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர்களின் துணி, கொண்டுபோய்க் கொடுக்காமல் எங்கள் அலமாரியிலேயே தங்கியது. பிறகு கவனித்தால், பொழுது சாய்ந்ததும் அக்கா கேட்டில் போய் நிற்கிறாள். மூட்டையை வாங்குகிற சாக்கில் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிவருகிறாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது நான். பகலில் குறையில்லை, வெளிச்சம் மங்கினால் கண் கைவிடுகிறது, இதற்கு மேல் மோசமாகாமல் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். வெளிச்சம் இருந்தால் நன்றாக நடப்பார் என்றும் சொன்னார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். ‘நடப்பார்’ என்ற சொல்லைக் கேட்டதுமே அக்கா கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது காதில் விழவில்லை.

அடுத்த வாரமே அத்தான் விழுந்தார். அக்கா உள்ளே அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவர் தனியாகப் படி இறங்கியிருக்கிறார். அடி பெரிதில்லை. மூட்டை அவிழ்ந்து, ஆள் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்த ஒரு வீட்டின் வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் முற்றத்து அழுக்குத் தண்ணீரில். காயத்துக்கு மருந்து போடக்கூட விடாமல் அவற்றை அவரே துவைத்தார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“இனிமே சாயங்காலம் போகல. யாருக்கு வேணுமோ வந்து வாங்கிக்கட்டும். நான் உள்ளயே இருந்துக்கறேன்.”

உள்ளேயே இருக்கிற அத்தானை நினைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மின்சார விளக்குப் போட வழியில்லை. முற்றம் எந்நேரமும் ஈரம். முன்னொரு காலத்தில் அங்கே ஒரு விளக்கு இருந்ததாம். அந்த ஒயரில் ஈரத்துணி பட்டு அக்காவைத் தூக்கி எறிந்ததிலிருந்து, முற்றத்தில் ஒயர் என்ற பேச்சையே அவள் எடுக்க விடுவதில்லை. சூரிய விளக்குத்தான் என்று நானும் அக்காவும் கடைக்குப் போனோம். அங்கே ஒரு கடைக்காரம்மா, விளக்கு வாங்க வந்தவர்களிடம் விளக்கு ஏன் வேண்டும் என்று விசாரிக்கிற ரகம். எனக்குத்தான் பொறுமை இல்லையே. இருக்கிறதிலேயே பெரிய வெளிச்சம் எதுவோ அதைக் கொடுங்கள் என்றேன். ஆள் வந்தால் தானாகப் பளீரென்று எரிகிற ஒன்றைக் கொடுத்தார். அதைக் கொட்டகைச் சுவரின் உச்சியில், கேட்டைப் பார்த்தபடி மாட்டினோம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வீட்டுத் துணியோடு அனுப்பினாள்.

அவர் திரும்பி வந்து கேட்டைத் திறந்தார். விளக்கு முகத்தில் அடித்தது. ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, மறுகையால் கேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். காலை எடுத்து வைக்க முடியவில்லை. அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தபின் வெகுநேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“இருட்டே தேவலாம்மா” என்றார். “இருட்டுல கெட்டியா பிடிச்சுக்கிட்டாவது நிப்பேன்.”

கோபத்தில் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் மனசு நோகக் கூடாதென்று மெதுவாகச் சொன்னாரே, அதுதான் என்னைக் கொன்றது. மறுநாள் சாயங்காலம் கடைக்காரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். நான் கத்தி முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு, நடக்கும்போது உங்கள் அத்தான் எங்கே பார்ப்பார் என்று கேட்டார்.

“காலைத்தான் பார்ப்பாரு. வேற எங்க பார்ப்பாங்க?”

“அப்ப விளக்கு காலுக்குத்தானேம்மா வேணும்? நீங்க மூஞ்சிக்குப் போட்டுட்டீங்க.”

எனக்கு அசடு வழிந்தது. வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது என்றுதான் டாக்டர் கடைசியாகச் சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. கடைக்காரம்மா அந்தப் பெரிய விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு சின்னச் சின்னதாகச் சில விளக்குகளை எடுத்து வைத்தார். படியின் ஓரச் சுவரில் கணுக்கால் உயரத்தில் பதிக்கிற வகை. தலையில் தொப்பி மாதிரி சூரியத் தகடு, அதற்குக் கீழிருந்து வெளிச்சம் படியில் மட்டும் விழும், கண்ணைத் தொடாது. அணைந்து அணைந்து எரியாமல், பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரே சீராக எரியும். வெள்ளை வெளிச்சம் வேண்டாம், மஞ்சள்தான் கண்ணுக்கு இதம் என்று அவரே மாற்றிக் கொடுத்தார். படிக்கு ஒன்றாக வாங்கி வந்தோம்.

முதல் நாள் எரிந்தன, பார்க்கவே நிறைவாக இருந்தது. அத்தானும் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். ஆனால் கிளம்பவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் விளக்குகள் கண் சிமிட்டிவிட்டுப் படுத்துவிட்டன. அதற்கு மறுநாள் எரியவே இல்லை. அத்தான் உள்ளே போய், ஏற்கெனவே மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

நான் மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை கோபம்கூட இல்லை. கடைக்காரம்மா ஒன்றும் வாதாடவில்லை. லீவு நாளில் பகலில் வந்து பார்க்கிறேன் என்றார். விளக்கை இருட்டிலேதானே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாயைக் கொடுத்து ஒரு தடவை மாட்டிக்கொண்டது போதும் என்று சும்மா இருந்தேன்.

அவர் வந்தபோது உச்சி வெயில். கேட்டைத் திறந்தவர் படியில் கால் வைக்காமல் அப்படியே நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். ஒரு விடுதியிலிருந்து துவைக்க வந்த படுக்கை விரிப்புகள், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, படிகளுக்கு மேலே பந்தல் போட்டதுபோல் காய்ந்துகொண்டிருந்தன. அதன் நிழலில் எங்கள் சூரிய விளக்குகள் சுகமாகத் தூங்கின. முதல் நாள் எரிந்தது கடையில் ஏற்றியிருந்த சார்ஜில்தான்.

இந்த வீட்டில் யாரும் வெயிலை வீணடிக்க மாட்டோம். ஒரு கைக்குட்டை அளவு வெயில் விழுந்தாலும் அங்கே ஒரு கைக்குட்டை காயும். விளக்கைப் பார்க்க நாங்கள் போனதெல்லாம் இருட்டின பிறகு, அதற்குள் துணியெல்லாம் உள்ளே போயிருக்கும். வெயிலில் காய்கிறது என்று நினைத்து அந்த விளக்குகளை அக்கா தினமும் விடியற்காலையில், கொடியில் துணி போடுவதற்கு முன்னால், துடைத்து வேறு வைத்தாள். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அத்தானும் கொட்டகையிலிருந்து வந்து, தன் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும்தான் சங்கடம் புரிந்தது. விளக்கை வேறு இடத்தில் வைத்தால் படிக்கு ஆகாது. படிக்கு மேலே போகிற கொடிதான் முற்றத்திலேயே நல்ல வெயில் படுகிற கொடி. காலையிலிருந்து மாலைவரை வெயில் அதை விட்டு நகராது. வெள்ளைத் துணியும் விரிப்பும் அங்கேதான் காயும். எங்கள் வெள்ளைக்குப் பேர் வந்ததே அந்தக் கொடியால்தான். கடைக்காரம்மா வேண்டுமானால் விளக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தான் சரியென்று தலையாட்டினார்.

அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவி என் தோளில் போட்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். கயிறு படியில் விழுந்தது. வெயில் அதன் மேல் விழுந்தது.

“அத ஏன் அவுக்குற? வெள்ளையெல்லாம் எங்க காயும்?” என்றார் அத்தான்.

“பின்னாடி கொடியில காயட்டும், மெதுவா காயட்டும். ஈரத்துணிய யாராவது திருப்பிக் குடுத்தா நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றாள் அக்கா. ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. “நீங்க போயிட்டு வரணும். எனக்கு அதுதான் வேணும்.”

அத்தான் குனிந்து கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். கடைக்காரம்மா திடீரென்று வேலை ஞாபகம் வந்ததுபோல் கிளம்பினார். கேட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, லீவு நாளைக் கெடுத்துக்கொண்டு வந்தீர்களே, ரொம்ப நன்றி என்றேன். என் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அக்காவே திரும்பிப் பார்த்தாள்.

அன்று விளக்குகளுக்கு அரைநாள் வெயில்தான் கிடைத்தது. மறுநாள் முழு வெயில். பொழுது மங்கும்போது ஒவ்வொரு படியிலும் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. அலமாரியில் தங்கியிருந்த துணியையெல்லாம் மூட்டை கட்டி அத்தான் தோளில் போட்டுக்கொண்டார். கேட்டில் வந்து நிற்கக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் சரிபார்த்தோம். நான் பார்த்த சட்டையையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்கா சட்டையைப் பார்க்கவே இல்லை. நன்றாக இருட்டிவிட்டது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு வாசலுக்கு யாரும் வரவில்லை. அக்கா எழுந்து ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன்.

காலி மூட்டைத்துணி முற்றத்தில் கிடந்தது. அத்தான் படியில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்கினார். சுவரைப் பிடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து இறங்கினார். மறுபடி ஏறினார்.

“என்னங்க, என்ன ஆச்சு?” என்றாள் அக்கா.

“ஒண்ணும் ஆகல” என்றார் மேலே நின்றபடி. “படி தெரியுது.” கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாப் படியும் தெரியுது” என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் கடைசிப் படிவரை இறங்கி வந்து அவளிடம் கையை நீட்டினார்.

“வா, கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம். எத்தன நாளாச்சு. பயப்படாம ஏறு, நான் பிடிச்சுக்கறேன்.”

இத்தனை மாதமாக அந்தக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தவள், தன் கையை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஏறிப் போனாள்.