ஹில்க்கா வெட்டிய தலைகள்

எங்கள் கட்டடத்துக்காரர்களை வல்லிலா பேட்டையில் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். டிராமில் பின்பக்கம் பார்த்தாலே போதும். இடது காதுக்கு மேல் முடி ஒரு படி ஏறியிருக்கும், வலது காதுக்கு மேல் ஒரு படி இறங்கியிருக்கும். பிடரியில், யாரோ பாத்திரத்தைக் கவிழ்த்து அளவெடுத்த மாதிரி ஒரு கோடு. ஆண், பெண், மூன்றாம் மாடிப் பல் டாக்டர், படிக்கட்டு துடைப்பவர் என்ற பேதமே இல்லை. சமத்துவம் சமத்துவம் என்று உலகமே மேடை போட்டுப் பேசுகிறது. நாங்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறோம்.

இந்தத் தொண்டு செய்தவர் இரண்டாம் மாடி ஹில்க்கா. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் ஏய்னோ காலமாகிவிட்டார். வெளியே பேச்சு குறைவு. உள்ளே எப்படி என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் கேட்பதில்லை.

கட்டடத்தில் மணி வட்டம் என்று ஒன்று நடக்கிறது. காசுக்கு அங்கே வேலையில்லை. உன் ஒரு மணி நேரம் எனக்கு, என் ஒரு மணி நேரம் இன்னொருவருக்கு. பல் டாக்டரின் மணியும் படிக்கட்டு துடைப்பவரின் மணியும் ஒரே நீளம். ஆரம்பித்தவர் முதல் மாடி மார்கெத்தா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு அவரிடம் வரப் பயப்படுகிறது.

ஹில்க்கா இதில் மாட்டியது ஒரு குழாயால். சமையலறைக் குழாய் சொட்டியது. நான்காம் மாடி தைஸ்தோ, கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த பெரிய உடம்புக்காரர், வந்து திருகிவிட்டுப் போனார். எங்கள் ஜனங்களுக்கு ஒருவர் உதவி செய்துவிட்டால் போதும், தூக்கம் போய்விடும். திருப்பிச் செய்கிற வரை அந்த ஆள் படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். ஹில்க்காவும் ஒட்டிக்கொண்டார். அதைப் பார்த்த மார்கெத்தா அவரைக் காப்பிக்குக் கூப்பிட்டார்.

"சொல்லு ஹில்க்கா, உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கடிதம் பிரிப்பேன். இப்ப யாரு கடிதம் போடறா?"

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு தெரியும்மா. யோசி."

"ஏய்னோவுக்கு நான்தான் முடி வெட்டிவிடுவேன்..."

"பாத்தியா! வாயத் தொறந்தா முத்து!"

ஏய்னோவின் தலையை நாங்கள் அறிவோம். காதோரம் இரண்டு புதர், பிடரியில் ஒரு வேலி, மற்றபடி பொட்டல். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஹில்க்கா வெட்டியது அந்த ஒரு தலையைத்தான். ஆகவே அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெட்டு. அதை அடர்ந்த தலையிலும் வெட்டினார், சுருட்டைத் தலையிலும் வெட்டினார், கூந்தலிலும் வெட்டினார்.

ஆரம்பத்தில் யாரும் போகவில்லை. மார்கெத்தாதான் கதவு கதவாகத் தட்டினார். "பாவம், தனியா இருக்கா. ஒருத்தரும் கூப்பிடலேன்னா மனசு ஒடிஞ்சு போயிடும். ஒரு தடவ தலையக் காட்டிட்டு வாங்களேன்." காட்டினோம். ஒரு தடவை போனவர் மறுதடவை போகாவிட்டால் முதல் தடவை பிடிக்கவில்லை என்று ஆகிவிடுமே? ஆகவே மறுதடவையும் போனோம். கண்ணாடியைப் பார்த்து "ம். ஆச்சு" என்றோம். எங்கள் ஊரில் புகழுரை அதுதான், இரங்கலுரையும் அதுதான். ஹில்க்கா புகழுரை என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்கோ அந்த வேலை வேப்பங்காய். காப்பியில் முடி, ரொட்டியில் முடி, சட்டைக்குள் ஊரார் முடி. சனிக்கிழமை முழுக்க நின்று கால் மரத்துப்போகும். ஆனால் இத்தனை பேர் நம்பி வரும்போது எப்படி மாட்டேன் என்பது? வெட்டப் பிடிக்காதவர் கையில் கத்தரி, வெட்டிக்கொள்ளப் பிடிக்காதவர் கழுத்தில் துண்டு. நடுவே மரியாதை என்ற பூட்டு. எந்தச் சிறையிலும் இவ்வளவு ஒழுங்காகக் கைதிகள் நேரத்துக்கு வருவதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஜூன் மாதம் ஹில்க்காவின் தம்பி ஓர்வோ, வடக்கே ஏரிகள் நிறைந்த சவோ பக்கத்திலிருந்து போன் செய்தார்.

"அக்கா, நம்ம ஏரிக்கரை வீட்ட வித்தாச்சு. என்னால இனிமே கூரை ஏற முடியாது. நடுக்கோடைப் பண்டிகைக்கு மட்டும் இருந்துக்கச் சொல்லியிருக்காங்க. அப்புறம் சாவி அவங்ககிட்ட."

ஹில்க்கா போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"அப்பா கட்டின சவுனாவுல ஒரு தடவ அடுப்பு மூட்டி ஆவி பிடிச்சுட்டு, ஏரியில ஒரு முழுக்குப் போட்டுட்டு போகலாமே. வர்றியா?"

"வர்றேன்" என்றார் ஹில்க்கா. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

ஆனால் பண்டிகை என்றால் கட்டடமே ஊருக்குக் கிளம்பும், கிளம்பும் முன் தலையைத் திருத்திக்கொள்ளும். மார்கெத்தா அந்த வாரம் முழுக்கத் தலைகளை அடுக்கி வைத்திருந்தார். ஹில்க்கா மாடி இறங்கிப் போய்ச் சொன்னார்.

"மார்கெத்தா, இந்த வாரம் என்னால வெட்ட முடியாது. இனிமேலும் வேணாம்னு பாக்கறேன்."

மார்கெத்தாவின் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பதுதான் முறை. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை "சரி, பாதிக் கோப்பை" என்று சொல்லி முழுக் கோப்பை குடிப்போம். ஹில்க்காவின் 'வேணாம்' அந்தக் கணக்கில் போய் விழுந்தது.

"எங்களுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு நெனைக்கறியா? அசடு! உன் கைன்னா எல்லாருக்கும் உசிரு. இரு, வெள்ளிக்கிழம காலையில தைஸ்தோவையும் சேத்துவிடறேன்."

ஹில்க்கா மேலும் ஒரு தலையோடு படியேறினார்.

புதன்கிழமை பெண்களின் சவுனா முறை. அந்த நீராவிக் குளியலறை கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. ஹில்க்கா முதலில் போய், மேல்படியில் அடுப்புக்குப் பின்மூலையில் உட்கார்ந்து, கல்லின் மேல் நன்றாகத் தண்ணீர் ஊற்றினார். ஆவி எழும்பி நின்ற நேரம் மார்கெத்தாவும், எதிர்வீட்டு சிஸ்கோவும் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார்கள். இருவரும் மூக்குக் கண்ணாடியை வெளியே கழற்றி வைத்தவர்கள்.

"நாளைக்கு எனக்குக் கண்டம்" என்றார் சிஸ்கோ.

"என்ன கண்டம்?"

"ஹில்க்காகிட்ட தலையக் குடுக்கணுமே. போன தடவ என் பொண்ணு பாத்துட்டு, 'ஏம்மா, எந்த மெஷின்ல மாட்டிக்கிட்ட'ன்னு கேட்டா."

மார்கெத்தா சிரித்தார். "என்னதப் பாரு, வைக்கோல்போர மாடு மேஞ்ச மாதிரி. என்ன பண்றது? அவளுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா? நாம போகலேன்னா அவளுக்குப் பொழுதே போகாது."

"அதுக்குத்தானே போறேன். காது ரெண்டும் மிஞ்சினா சரி."

ஹில்க்கா மேலே இருந்தார். இறங்கினால் இருவரையும் தாண்டித்தான் கதவு. இருமினால் மூவருக்கும் மானம் போகும். அவர்களோ நிதானமாக, கட்டடத்தில் யார் தலை எப்படி என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். நடுவில் மார்கெத்தா, "சூடு பத்தலையே" என்று எழுந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். மேல்படியில் ஹில்க்கா உருளைக்கிழங்காக வெந்தார். அவர்கள் போன பிறகுதான் இறங்கினார்.

முதலில் வந்தது கோபமல்ல, சந்தோஷம். யாருக்கும் தன் வெட்டு தேவையில்லை! விடுதலை! படியேறும்போதே அது வற்றிவிட்டது. சவுனாவில் பேசியது சவுனாவோடு போயிற்று. அங்கே கேட்டதை வெளியே எடுத்தவர் எங்கள் ஊரில் கோயிலில் திருடியவருக்குச் சமம். சாவி கிடைத்தது, ஆனால் பூட்டு இருந்த பக்கம் கை நீளவில்லை.

வியாழக்கிழமை சிஸ்கோ வந்து உட்கார்ந்தபோது ஹில்க்கா ஒரு முடிவோடு இருந்தார். பேச முடியாததைக் கத்தரி பேசட்டும். நெற்றிமுடியைக் குறுக்கே வெட்டினார், ஒரு பக்கத்தைக் காதுக்கு மேலே வெகுதூரம் ஏற்றினார், உச்சியில் ஒரு குழி பறித்தார். இதற்குக் கத்தாதவர் மனுஷியே இல்லை. சிஸ்கோ கண்ணாடியைப் பார்த்தார். முகம் ஒரு தரம் வெளுத்தது.

"ம்" என்றார். "வெயிலுக்கு நல்லாருக்கும்."

மறுமுறைக்கும் நாள் கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, பண்டிகைக்கு முன்தினம். சவோ பக்கம் போகக் காலையில் ஒரே பஸ். அது போனால் நாடே படுத்துவிடும், ஞாயிறு வரை ஒன்றும் ஓடாது. ஹில்க்கா பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். தைஸ்தோவைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணம். ஆனால் தைஸ்தோவின் தலை ஏய்னோவின் தலை அல்ல, காடு. ஒரு பக்கத்தை வெட்டி இறக்கும்போதே சுவர்க்கடிகாரம் மிரட்டியது. கத்தரி நின்றது, மறுபடி ஓடியது, நின்றது. பஸ்ஸின் நேரம் அவர் கண்ணெதிரே கடந்து போனது. ஹில்க்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு?" என்றார் தைஸ்தோ.

"பஸ் போயிடுச்சு."

"எந்த பஸ்?"

சொன்னார். வீடு, விற்பனை, தம்பி, ஏரி எல்லாம்.

"இத ஏன் நான் வந்ததும் சொல்லல?"

"நீங்கதான் உக்காந்துட்டீங்களே."

தைஸ்தோ யோசித்தார். "என் கார் கீழதான் நிக்குது. கொண்டுபோய் விடறேன்."

"ஐயோ வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி" என்றார் தைஸ்தோ.

தைஸ்தோ கப்பல்தள ஆள். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நம்பிவிடுகிற, எங்கள் ஊரிலேயே ஒரே மனிதர். ஹில்க்காவுக்கு அது தெரியும். தான் மனதார வேண்டாம் என்றபோது மார்கெத்தா கேட்கவில்லை. வாய்க்குச் சொன்னபோது இந்த மனிதர் கேட்டுக்கொண்டார். ஏரி கையைவிட்டுப் போகிறது. ஹில்க்கா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"இல்ல. வேணும்" என்றார். "எனக்குப் போகணும். கொண்டுபோய் விடுங்க."

கட்டடத்தில் எல்லாருக்கும் செய்தவர், குழாய்க்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்டதில்லை. முகம் சவுனாவில் சிவந்ததைவிட அதிகமாகச் சிவந்திருந்தது என்று தைஸ்தோவே பிறகு சொன்னார்.

அந்த அரைத் தலையோடு அவர் காரை எடுத்தார். வழியில் பெட்ரோல் போட்ட இடத்தில் இருந்த பெண் அவர் தலையைப் பார்த்தாள், பிறகு பக்கத்து சீட்டில் இருந்த ஹில்க்காவைப் பார்த்தாள், மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். லாத்தி நகரமும் பின்னால் போயிற்று. பிறகு தைஸ்தோ ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"உண்மையச் சொன்னா, எனக்கு முடி வெட்டிக்கவே பிடிக்காது."

"எனக்கும் வெட்டறது பிடிக்காது" என்றார் ஹில்க்கா.

"அப்படியா."

"ஆமா."

ஒரு காடு போயிற்று, ஒரு ஏரி போயிற்று, இன்னொரு காடு வந்தது.

"அப்ப இந்த மீதிப் பக்கத்துக்கு எப்ப வரட்டும்?" என்றார் தைஸ்தோ.

"அடுத்த சனிக்கிழம வாங்க" என்றார் ஹில்க்கா. சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏரிக்கரையில் ஓர்வோ சவுனா அடுப்பை மூட்டியிருந்தார். புகை தண்ணீர் மேல் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். தைஸ்தோவின் தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இப்ப அங்க இதுதான் மோஸ்தரா?" என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "ஏங்க்கா, வந்ததுதான் வந்த. ஏய்னோ அத்தானுக்கு வெட்டுவியே, எனக்கும் கொஞ்சம் காதோரம்..."

"முடியாது ஓர்வோ."

"தெரியும், தெரியும், களைப்பா இருப்ப. உனக்காவது ஒரு பொழுதுபோக்கா இருக்கட்டுமேன்னுதான்" என்று சொல்லி, உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து படகுத்துறையின் பலகை மேல் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஹில்க்கா செருப்பைக் கழற்றினார். பலகையில் நடந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், உடுத்திய துணியோடு ஏரியில் இறங்கினார். இடுப்பளவு, கழுத்தளவு, பிறகு தலையும் மறைந்தது. வெகுநேரம் கழித்து எட்டத்தில் மேலே வந்து, கரைக்கு முதுகைக் காட்டியபடி மிதந்தார்.

"அவசரமில்லக்கா" என்று ஓர்வோ கூப்பிட்டுச் சொன்னார். "நான் இங்கதான் இருப்பேன்."