தாப்பா சாலையில் மூன்று கழிவறைகள்

1. சரிவில் நின்ற வேன்

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் வேன் டிரைவராக இருந்தேன். பேர் மணியம். ரிட்டயர் ஆன பிறகும் ஆள் வராத நாளில் ஆபீசிலிருந்து எனக்குத்தான் போன் வருகிறது. தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. அடிவாரத்து ஊரான தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலை, அப்புறம் ஈப்போவுக்கு ஹைவே. புதிதாக வரும் டிரைவர்கள் எந்த கியரில் இறங்குவது, மூடுபனியில் எப்படி ஓட்டுவது என்றெல்லாம் என்னிடம் கேட்பார்கள். அதெல்லாம் ஓட்ட ஓட்டத் தானாக வந்துவிடும். தானாக வராத ஒன்றை எனக்குக் கோகிலா என்ற பெண் கற்றுக்கொடுத்தாள். அதைத்தான் எழுதுகிறேன்.

கோகிலா எங்கள் பேக்டரியில் தேயிலை சலிக்கும் மெஷினில் வேலை பார்ப்பவள். முப்பதைத் தாண்டியவள், வாயாடி. மெஷின் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு கேட்கும். ஒரு வருஷமாக அவளுக்கு வயிற்றுப்போக்கு, போகும்போது ரத்தம். எங்கள் லைன் வீடுகளில் இதற்கெல்லாம் டாக்டர் தேவையில்லை. மூலம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். ஆளாளுக்குக் கருணைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். கிழங்கைக் கண்டாலே ஓடி ஒளியும் நிலைக்கு வந்துவிட்டாள், ரத்தம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரசர்தான் இது வேறு ஏதோ என்று கடிதம் கொடுத்து ஈப்போவுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கோப் பார்க்க நாள் கொடுத்தார்கள்.

ஸ்கோப் என்றால் பின்வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது. அதற்குக் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் குடிக்க ஒரு மருந்துத் தண்ணீர் கொடுப்பார்கள், முதல் நாள் பாதி, அன்று காலையில் மீதி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சரிப்படும். மலையில் இருப்பவள் முதல் நாளே ஈப்போவில் யார் வீட்டிலாவது போய்த் தங்கியிருக்க வேண்டும். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மீதியைக் குடித்து முடித்துவிட்டு நேராக என் வேனில் ஏறிவிட்டாள்.

அவள் குடித்தது எனக்குத் தெரியாது. ஆனால் நான் நடுவில் நிறுத்தமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ரிங்லெட்டில் மிதித்தால் தாப்பாவில்தான் நிறுத்துவேன், அது எனக்கு ஒரு பெருமை. யாராவது கடையைப் பார்த்து வாயைத் திறந்தால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பேன், மூடிக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பாதி வழியில் மண் சரிந்து ஒரு பக்கச் சாலைதான் திறந்திருந்தது. கொடிக்காரன் சிவப்பைக் காட்டிவிட்டான். முன்னால் காய்கறி லோரிகள், பின்னால் பஸ். கடைசி சீட்டிலிருந்து கோகிலாவின் குரல் வந்தது.

"அண்ணே, கதவத் திறங்க. இப்பவே திறங்க."

திறந்ததுதான் தாமதம், ஓடினாள். நல்லவேளை, பக்கத்திலேயே பெத்தாய்க் காயும் சோளமும் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மாவின் கடை இருந்தது. பேர் லீமா, எல்லாருக்கும் மாக்சிக், அதாவது அத்தை. கோகிலா கடைக்குப் பின்னால் போய் மறைந்தாள். கொடி பச்சையானது. அவள் வரவில்லை. லோரி எல்லாம் ஹார்ன் அடித்தது, நானும் அடித்தேன். வேனை ஓரம் கட்டி இரண்டு தடவை பச்சை போன பிறகுதான் வந்தாள். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஈப்போ போய்ச் சேரும்வரை அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

2. கூட வந்தவர் யார்?

கோகிலாவின் வீட்டுக்காரருக்கு லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் வேலை. அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் ஸ்கோப் முடிந்ததும் தமிழ் நர்ஸ் ஒருவர் வெளியே வந்து கூட வந்தது யார் என்று கேட்டபோது நான்தான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. மயக்க ஊசி போட்டிருப்பதால் சொல்வது எதுவும் அந்தப் பெண்ணுக்கு நினைவிருக்காது, நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் வேன் டிரைவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, இது மூலம் இல்ல. பெருங்குடலுக்கு உள்பக்கம் புண்ணாகிக் கிடக்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு சொல்வாங்க. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு, அதையும் பார்த்துட்டு டாக்டர் உறுதியாச் சொல்வாரு. யாருக்கும் ஒட்டாது, சாப்பாட்டால வந்ததும் இல்ல. முழுசாப் போகாது, ஆனா மருந்து போட்டா அடங்கி இருக்கும். நல்லாயிருச்சேன்னு நிப்பாட்டுறவங்கதான் திரும்ப இங்க வந்து படுக்கிறாங்க."

இன்னும் நிறையச் சொன்னார். ஸ்டீராய்ட் மாத்திரையை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நாமாகச் சட்டென்று விடக்கூடாது. இன்னொரு மாத்திரை நீண்ட நாளைக்கு. கை வலி, கால் வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது, கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் தள்ளிவைத்தால் போதும், பட்டினி கிடக்கக்கூடாது. ரத்தம் அதிகமானால், காய்ச்சல் வந்தால், உடனே வந்துவிட வேண்டும்.

நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வீடு வரை முணுமுணுத்தபடியே ஓட்டினேன். சரிவில் ஒரு வளைவை மறந்தாலும் மறப்பேன், அந்த மாத்திரையை மறக்கமாட்டேன் என்ற நிலை. லைனில் இறக்கிவிட்டு அவள் வீட்டுக்காரரிடம் முழுசாக ஒப்பித்தேன். கருணைக்கிழங்கு வேண்டாம் என்பதையும் என் பங்குக்குச் சேர்த்துச் சொன்னேன்.

3. எதற்குப் பயம்

மருந்து வேலை செய்தது. ஒரு மாதத்தில் கோகிலா முகம் தெளிந்து பழையபடி பேக்டரியில் சத்தம் போட ஆரம்பித்தாள். இரண்டு தடவை ஈப்போ வந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. கேட்டால் நல்லாயிட்டேன் அண்ணே என்பாள். மருந்து இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பாள்.

ஒரு நாள் ரிங்லெட்டில் மளிகைக் கடை வாசலில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரத்தம் திரும்ப வந்துவிட்டது, மருந்து தீர்ந்து ரொம்ப நாளாகிறது என்று கூட நின்ற அவள் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆஸ்பத்திரிக்குப் போக அப்படி என்ன பயம் என்று கடை வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு எனக்கென்னண்ணே பயம்? உங்க வேனுக்குத்தான் பயம்."

அவள் மெதுவாகச் சொன்னாள். போன இரண்டு தடவையும் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தாளாம். அப்படியும் வயிறு முறுக்கும், வந்தால் அடக்க முடியாது, உடனே போயாக வேண்டும், அதுதான் இந்த வியாதியின் குணம் என்றாள்.

"வேன் நிறைய ஆளு. நீங்க நிறுத்தமாட்டீங்க. நிறுத்தினாலும் எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. அதுக்கு வீட்டுலயே கிடந்து சாவலாம்லா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். இந்த மலையில் என்னைப் போல் ஓட்ட ஆள் உண்டா, என் வேனைப் போய்ப் பயம் என்கிறாளே என்று. மனைவி மீன் கழுவிக்கொண்டே, ஈப்போவிலிருந்து வந்ததும் நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் எங்கே ஓடுகிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றாள். யோசித்துப் பார்த்தேன்.

4. பிரேக் சூடு

மறுநாளே லீவு போட்டு என் சொந்த மோட்டார் சைக்கிளில் தாப்பா வரை இறங்கினேன். எனக்கு வேண்டியது மூன்று கழிவறை, சரியான இடைவெளியில்.

முதலாவது மாக்சிக் லீமாவுடையது. விஷயத்தைச் சொன்னதும் "போலே லா" என்று சிரித்தார், தாராளமாக வரட்டும் என்று. என்றைக்கு வருகிறோம் என்று போன் செய்தால் தண்ணீர் பிடித்து வைக்கிறேன் என்று நம்பரையும் கொடுத்தார். இரண்டாவது, அதற்குக் கீழே சாலையோரம் இருக்கும் சின்ன முனியாண்டி கோவில். பூசாரி முதலில் முகத்தைச் சுளித்தார். உடம்பு முடியாத பிள்ளை என்றதும் பின்பக்கச் சாவி தொங்கும் இடத்தைக் காட்டினார். மூன்றாவது, அடிவாரத்தில் ஒரு சீன முதலாளியின் டயர் கடை, தவுக்கே என்போம். அவர் உடனே சரி என்றார். ஆனால் அந்தக் கழிவறை இருந்த லட்சணத்தில் வியாதி இல்லாதவனுக்கும் வியாதி வரும். பிரஷும் குளோரோக்ஸ் பிளீச்சும் வாங்கி வந்து நானே கழுவினேன். தவுக்கே பார்த்துவிட்டு, வாரா வாரம் வாயேன் என்றார்.

அடுத்தது, அவள் வாய்விட்டுக் கேட்கவே தேவையில்லாமல் நிறுத்த வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். புது ஏற்பாட்டில் முதல் தடவை இறங்கியபோது மாக்சிக் கடையில் வேனை நிறுத்தி, பிரேக் சூடாகிவிட்டது, ஆறட்டும், எல்லாரும் இறங்கிக் கால் நீட்டுங்கள் என்றேன். கோவிலில் மறுபடி பிரேக் சூடு. டயர் கடையில் மறுபடி. கோகிலா என் பக்கத்து சீட்டில் இருந்தாள். முதல் நிறுத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையில் ஒரு மிட்டாயை வைத்தாள். வேடிக்கை என்னவென்றால், இறங்கியவர்களில் பாதிப் பேர் அவளுக்கு முன்னால் ஓடினார்கள். சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், வயசானவர்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு என் வேனில் வந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு டாக்டர் அவளைத் திட்டினார். இப்படி விட்டுவிட்டு மருந்து போட்டால் ஒரு கட்டத்தில் மருந்துக்கு அடங்காது, ஆபரேஷன் செய்து பெருங்குடலையே எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னாராம். மறுபடி ஸ்டீராய்ட், மறுபடி முதலிலிருந்து. ஆனால் அதற்குப் பிறகு ஒரு அப்பாயின்மெண்டையும் அவள் விடவில்லை.

பிரேக் கதைதான் என் காலை வாரியது. எங்கள் மேனேஜர் சின்ன வயசுக்காரர், ஆனாலும் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். வேன் பிரேக் அடிக்கடி சூடாகிறது என்ற பேச்சு அவர் காதுக்குப் போய், ஆட்களின் உயிர் விஷயம் என்று வேனை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டார். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு பிரேக் புதுசு மாதிரி இருக்கிறது என்றான். துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நேரத்தை வீணாக்கி எங்கே சுற்றுகிறீர்கள், இப்படியென்றால் வேறு டிரைவரைப் போட வேண்டியிருக்கும் என்றார். கோகிலாவின் கதையை நான் எப்படிச் சொல்வது?

யார் சொன்னார்களோ, பேக்டரித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கோகிலா உள்ளே வந்தாள். கணக்கு எழுதும் கிராணி, பியூன் எல்லாரும் இருந்தார்கள்.

"பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல சார். குடல்ல புண்ணு, எனக்கு. அடக்க முடியாது, நிறுத்தித்தான் ஆகணும். அண்ணே எனக்காகப் பொய் சொன்னாரு."

துரை, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேனைக் கழற்றியிருக்க வேண்டாமே என்றார். இனிமேல் ஆஸ்பத்திரி வேன் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பட்டும், மூன்று இடத்திலும் நிற்கட்டும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் கோகிலா, இனிமே யார் வேணாலும் பார்க்கட்டும்ணே என்று சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பேக்டரிக்கே கேட்டிருக்கும்.

5. மாக்சிக்கின் போன்

அடுத்த ஸ்கோப்புக்கு அவள் முதல் நாளே வீட்டுக்காரரோடு ஈப்போவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டாள். புண் ஆறியிருந்தது. மாத்திரை மட்டும் தொடர்ந்து போட வேண்டும் என்றார்கள். அதை அவள் இப்போது எனக்கு ஒப்பிக்கிறாள்.

போன மாதம் ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேனில் கோகிலாவும் இன்னும் இரண்டு பேரும்தான். மாக்சிக் கடை வந்ததும் பிரேக்கில் கால் வைத்தேன். எனக்கு வேண்டாம் அண்ணே என்றாள் கோகிலா. மற்றவர்களும் வேண்டாம் என்றார்கள். கோவிலிலும் வேண்டாம், டயர் கடையிலும் வேண்டாம். தாப்பாவில் வேனுக்கு எண்ணெய் போட நின்றபோது என் போன் அடித்தது. மாக்சிக் லீமா. தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன், வேன் நிற்காமல் போய்விட்டதே, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டார். அவள் நன்றாக இருக்கிறாள், அதனால்தான் நிற்கவில்லை என்று நான் மலாயில் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பும்போது கட்டாயம் நிறுத்த வேண்டும் என்றாள்.

புது டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றினால், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கேட்பதோடு விடாதீர்கள். வழியில் எங்கே நிற்க வேண்டும் என்றும் நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். அவர்கள் வாயால் கேட்கமாட்டார்கள். கேட்க முடியாமல்தான் பல பேர் வருவதையே விட்டுவிடுகிறார்கள்.

திரும்பும்போது நிறுத்தினேன். மாக்சிக் அவித்த சோளம் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். கோகிலா கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து சோளத்தைக் கடித்தபடி சாலைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இங்க ஆறு ஓடுதா?"

எத்தனையோ தடவை அந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். எப்போதும் குனிந்த தலையோடு பின்பக்கம் ஓடியவள், முன்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. எப்பவும் இங்கதான் ஓடுது, அவசரமில்ல, நல்லாப் பாரு என்றேன்.