மாம்பழச்சாலையில் நிற்காத ஹாரன்

அதெல்லாம் இல்லடி, நான் ஆட்டோவுலேர்ந்து விழவே இல்ல. மூணாவது வீட்டுக்காரி அப்படித்தான் சொல்லிட்டுத் திரியறா. இந்தக் கை வீக்கம் விழுந்து வந்ததில்ல, ஒருத்தனோட மல்லுக்கட்டி வந்தது. சிரிக்காத. இப்படி உக்காரு, கஞ்சி கொதிக்கற வரைக்கும் சொல்றேன். முதல்ல அந்தத் தூக்கைப் பாரு. எப்படி நசுங்கியிருக்கு பாத்தியா? என் கல்யாணத்துக்கு எங்க அத்தை வெச்சுக் குடுத்த தூக்கு. அந்தக் காலத்து எவர்சில்வர், என்னா கனம்!

நேத்து காலைல உறையூருக்கு, பொண்ணு வீட்டுக்குக் கிளம்பினேன். நான் வைக்கற மோர்க்குழம்புன்னா அவளுக்கு உசுரு. பூசணிக்கா போட்டு வெச்சேன். வெண்டைக்கா போட்டா மாப்பிள்ளை தொடமாட்டாரு, அவரோட நாக்கைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது, விடு. நம்ம தெருக்கோடி ஆட்டோத் தம்பிதான் கூட்டிட்டுப் போனான். பொண்டாட்டியைப் பிரசவத்துக்கு அனுப்பிட்டுத் தனியா இருக்கானே, அவன்தான்.

மாம்பழச்சாலை வந்தா ரோடு முழுக்க ஜனம். பஸ்ஸெல்லாம் அப்படி அப்படியே நிக்குது. லால்குடிப் பக்கத்துப் புள்ளையாம், மிலிட்டரில இருந்தவன், எல்லைல சுட்டுட்டாங்களாம். ஏர்போர்ட்லேர்ந்து ஒடம்பை ஊருக்குக் கொண்டு போறாங்க. யாரும் கூப்பிட்டு வந்த கூட்டம் இல்லடி அது. பூக்காரி கூடையோட நிக்கறா. கறிக்கடைக்காரர் கையைக்கூடக் கழுவாம நிக்கறாரு. பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தவங்க நாமத்தோட நிக்கறாங்க.

தம்பி, "திருப்பிக்கிட்டு வேற வழியா போயிடலாம் ஆயா"ன்னான்.

"நிறுத்துடா. போற புள்ளைய ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்"னேன்.

இதை மறந்துடாத. நிறுத்தச் சொன்னது நான்.

அவன் இறங்கி முன்னாடி போயி நின்னுட்டான். எனக்கு எல்லாம் முதுகுதான் தெரியுது. சும்மா இருப்பேனா? அவன் சீட்டுல ஏறி, தூக்கை ஹாண்டில் மேல வெச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாத்தேன். "வீர வணக்கம்! வீர வணக்கம்!"னு அத்தனை பேரும் கத்தறாங்க. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். மிலிட்டரி வண்டி கிட்ட வந்ததும் எல்லாம் கப்சிப். கொடி போத்தின பெட்டி. பெத்தவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. காக்கா கத்தறதுதான் கேக்குது.

அந்த நேரம் பாத்து, தூக்கோட அடிப்பக்கம் ஹாரன் பட்டன்ல அமுங்கிச்சு. பாங்ங்ங்னு அலறுது. பதறிப்போயித் தூக்கை எடுத்துட்டேன், ஹாரன் நிக்கல. பட்டன் உள்ளயே மாட்டிக்கிச்சு!

தம்பி ஓடி வந்தான். ஓடி வந்தவனைத்தான் புடிச்சாங்க.

"யாரு வண்டிடா இது?"

"என்னுதுங்க, ஹாரன் மாட்டி…"

முடிக்க விடல. வாயிலயே ஒரு குத்து. "உசுரக் குடுத்தவன் போறான், ஒனக்கு என்னடா அவசரம், நாயே!" பொலபொலன்னு ரத்தம். கீழ தள்ளி மிதிக்கறாங்க. ஒருத்தன் ஹெல்மெட்டால முதுகுல சாத்தறான். சட்டைல கொடி குத்திக்கிட்ட ஒரு வெள்ளைச் சட்டைக்காரன், நெஞ்சுல முழங்காலை வெச்சுக் கழுத்தை அமுக்கறான்.

"ஐயா, அமுக்குனது நான்! அவன் இல்ல!"னு கத்தறேன். அந்த ஹாரன்ல யாருக்குக் கேக்கும்? "தள்ளிப்போ பாட்டி, மிதிபட்டுடுவே"ன்னு ஒருத்தன் என்னைத் தூக்கி ஓரமா வெக்கறான். தம்பிக்குக் கண்ணு செருகிடுச்சுடி. அவ்வளவுதான், போயிட்டான்னே நெனச்சேன். பொறக்கப்போற புள்ள அப்பன் மூஞ்சியப் பாக்காமப் போயிடுமே!

எடுத்தேன் தூக்கை. வெள்ளைச் சட்டைக்காரன் மண்டைல ஓங்கிப் போட்டேன் பாரு! மூடி தெறிச்சு, மோர்க்குழம்பு தலைலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஓடுது. காலர்ல ஒரு பூசணித் துண்டு. திரும்பினான், காதோரம் இன்னொண்ணு வெச்சேன். கையைப் புடிச்சு முறுக்கினான். கடிச்சுட்டேன். எனக்கு இருக்கறதே ஆறு பல்லு, ஆறும் பதிஞ்சுது. "கெழவி கடிக்கறாடா!"ன்னு அலறினான். அந்த அலறலை நெனச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பு தாங்கல.

அதுக்குள்ள பின்னாடி வண்டிலேர்ந்து ஒரு மிலிட்டரிக்காரன் குதிச்சு வந்தான். "குடுங்க சார் நாலு!"ன்னு ஆசையா வழி விட்டாங்க. அவன் யாரையும் பாக்கல. நேரா ஆட்டோகிட்ட போயி, ஹாண்டிலுக்குக் கீழ கைய விட்டு ஒயரைப் புடிச்சு ஒரே இழு. ஹாரன் நின்னுது. அப்புறம் தம்பியைத் தூக்கி உக்கார வெச்சு, கைக்குட்டையால வாயைத் தொடச்சான். கூட்டத்தைப் பாத்து ஹிந்தில என்னமோ சொன்னான். யாருக்கும் புரியல, ஆனா எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க. வெள்ளைச் சட்டை, காலர்லேர்ந்து பூசணியை எடுத்துப் போட்டுட்டு நழுவிட்டான்.

வண்டி எங்களத் தாண்டிப் போச்சு. எல்லாரும் பூப் போட்டாங்க. என் கையில நசுங்கின தூக்குதான் இருந்துச்சு, அதோடயே கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரில டாக்டர், "எப்படிப்பா ஆச்சு?"ன்னு கேக்கறாரு. "ஹாரன் தானா மாட்டிக்கிச்சு சார்"ங்கறான் தம்பி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தூக்கு எங்க இருந்துச்சுன்னு, ஹாரன் அலறினதும் திரும்பினப்பவே பாத்திருக்கான்டி! அத்தனை அடி வாங்கியும் வாயைத் தொறக்கல. வெளில வந்து, "ஏண்டா சொல்லல?"ன்னேன். "ஒங்கள அடிச்சிருப்பாங்க ஆயா"ங்கறான், ஒடஞ்ச பல்லோட.

மெல்ல முடியாதில்ல, அவனுக்குத்தான் இந்தக் கஞ்சி. சாயங்காலம் அவன் பொண்டாட்டி போன் பண்ணுவா. போனை நான் வாங்கி, "அமுக்குனது நான்தாம்மா"ன்னு சொல்லிடணும். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான்… ஐயையோ, பொங்கிடுச்சு! தள்ளு, தள்ளு, அடுப்ப அணைக்கணும்!