அத்தையின் அத்தர்

என் அத்தை தலையில் பூ வைத்து நான் பார்த்ததே இல்லை. அவர் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான இரண்டாம் வருடமே மாமா காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு அவினாசிப் பக்கத்துக் கிராமத்தில், பெரியப்பா வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் ஆறு மாதம் இருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. ஒருநாள் அப்பா ஊருக்குப் போய், ஒரு தகரப் பெட்டியோடு அத்தையைத் திருப்பூருக்கே கூட்டி வந்துவிட்டார். அப்போது எனக்கு எட்டு வயது. அத்தைக்கு இருபத்துநான்கு இருக்கும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நொய்யல் கரையில், பனியன் துணியை வெளுக்கும் ஒரு சலவைப் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. எங்கள் வீடு, ஒரே கூரையின் கீழ் எட்டுக் குடும்பங்கள் இருந்த லைன் வீட்டில் நான்காவது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். வந்த இரண்டாம் மாதமே அத்தை ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. பெண்கள் கம்பெனிக்குப் போவது அன்றைக்கு அவ்வளவு சகஜமில்லை. அதிலும் வெள்ளைச் சேலை கட்டியவர் போவதைப் பற்றி லைனில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது.

முதல் வாரச் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை, எனக்கு வளையல் வாங்கித் தருவதாகச் சொல்லி அத்தை என்னைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். வளையலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பள்ளிவாசல் சந்தில் இருந்த சின்ன அத்தர் கடை முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரப் பெரியவர் மல்லிகை, ரோஜா என்று வரிசையாக எடுத்து வைத்தார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார்.

“பூ வேண்டாமுங்க. பூவில்லாததா ஏதாச்சும் இருக்குங்களா?”

பெரியவர் அத்தையின் சேலையைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல், கண்ணாடி மூடி போட்ட ஒரு குப்பியை உள்ளேயிருந்து எடுத்தார். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்.

“அகில் கட்டையும் வெட்டிவேருமுங்கம்மா. ஆம்பளைங்களும் வாங்குவாங்க, பொம்பளைங்களும் வாங்குவாங்க. அதிகம் பேசாதவங்கதான் இதைத் தேடி வருவாங்க.”

அத்தையின் மணிக்கட்டில் ஒரு துளி வைத்தார். எனக்கு அந்த வாசனை முதலில் பிடிக்கவேயில்லை. மல்லிகை என்றால் தெருமுனையிலேயே கூப்பிட்டுவிடும். இது பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. மழையில் நனைந்த மரக்கடை மாதிரி, கொஞ்சம் கசப்பாக, கொஞ்சம் குளிர்ச்சியாக. ஆனால் அத்தை அன்று வீடு வரைக்கும் நிமிர்ந்தே நடந்தார். அதற்கு முன் அவர் தரையைப் பார்க்காமல் நடந்து நான் பார்த்ததில்லை. வாசனைக்கும் நடைக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக எனக்குப் பட்டது.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மணிக்கட்டில் ஒரு துளி. குப்பி தகரப் பெட்டிக்குள் சேலை மடிப்பில் இருந்தது. பத்து நாளில் லைன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, உங்க தங்கச்சி மேல செண்ட்டு வாசம் வருதுன்னு லைன்ல பேசிக்கறாங்க. என்னால தலை நிமிர முடியலீங்க.”

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்த அப்பா, “அம்மிணி, அந்தக் குப்பியக் கொஞ்சம் குடு” என்று அத்தையிடம் கேட்டு வாங்கி, சட்டைக் காலரில் தேய்த்துக்கொண்டார். உடனே ஏழெட்டுத் தும்மல். கண்ணெல்லாம் சிவந்துபோய், துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பட்டறைக்குப் போனார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பிளீச்சிங் பவுடர் நெடியோடு அகில் வாசனையும் சேர்ந்து அவர் தெருவில் போகும்போது, “பட்டறைக்காரருக்கு மைனர் ஆசை வந்திருச்சுடோய்” என்று சிரித்தார்கள். அத்தையைப் பற்றிய பேச்சு மெல்ல நின்றுபோனது. வாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. அப்பா மைனர் ஆகிவிட்டதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

புரட்டாசி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அத்தையை ஊருக்குத் திரும்பக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா பாயில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரைக் குடித்தவர், சட்டென்று மூக்கைச் சுளித்தார்.

“என்னடா இது? வூடே கமகமன்னு கிடக்குது. கேள்விப்பட்டது நெசந்தானா?”

“நானுங்கண்ணா” என்றார் அப்பா. “பட்டறை நாத்தம் மேலயே ஒட்டிக்குது. அதுக்காகப் பூசறனுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை தன் சம்பளத்தில் வாங்கிய பொருளை அப்பா தன்னுடையது என்கிறாரே! அத்தைக்குக் கிடைக்க வேண்டிய பெருமையை அப்பா எடுத்துக்கொள்வது பெரிய அநியாயமாகத் தோன்றியது.

“இல்லீங்க பெரியப்பா, அது அத்தையோடதுங்க. நானும் கடைக்குப் போனனுங்க. அப்பா பூசினா அவருக்குத் தும்மல்தான் வருமுங்க” என்றேன்.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

உள்ளறையிலிருந்து அத்தை வந்தார். கையில் குப்பி இருந்தது.

“ஆமாங்கண்ணா, என்னோடதுதானுங்க. பூ வெக்கக் கூடாதுன்னாங்க, வெக்கறதில்லீங்க. பொட்டு, மஞ்சள் எதுவும் தொடறதில்லீங்க. இது பூ இல்லீங்களே. வெறும் கட்டையும் வேருந்தானுங்க.”

பெரியப்பா அவரைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்: “பொட்டியக் கட்டச் சொல்லு. ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறன்.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தார். தலை நிமிர முடியவில்லை என்று சொன்ன அதே அம்மா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேராக அத்தையின் முன்னால் போய் நின்று, மணிக்கட்டை நீட்டினார்.

“எனக்கும் கொஞ்சம் பூசி உடு அம்மிணி.”

அத்தை குப்பியைத் திறந்து சாய்த்தார். ஒரு துளி மணிக்கட்டிலும், இரண்டு துளி தரையிலும் விழுந்தன. அப்பா எழுந்து வந்து, தானும் கையை நீட்டினார். என்ன நடக்கிறதென்று தெரியாமல் நானும் நீட்டினேன்.

பெரியப்பா எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப, குடும்பத்தோட முடிவு பண்ணிட்டீங்க?”

“ஆமாங்கண்ணா” என்றார் அப்பா. “அவ இங்கயே இருக்கட்டுமுங்க.”

இலை போட்டிருந்தது. பெரியப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அப்பா வாசல் வரை பின்னால் போய், “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். லைன் வீட்டுக் கதவுகளில் எல்லாம் தலைகள் தெரிந்தன.

எல்லாம் என்னால்தான் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து அழுதேன். அத்தைதான் வந்து தூக்கினார். “நீ பொய் சொல்லலியே கண்ணு, எதுக்கு அழுகறே?” என்று கன்னத்தைத் துடைத்துவிட்டார். அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தையும்தான்.

அத்தை பிறகு தையல் மெஷின் பழகினார். பல வருடங்கள் அதே ஊரில் உழைத்தார். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். இன்று நான் நிற்கிற இடத்துக்கு யார் யார் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தால், அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் ஒன்றாகத்தான் மனதில் வந்து நிற்கிறார்கள். தனியாகப் பிரித்து நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா கோபித்துக்கொண்டு போன அந்த வருடத் தைப் பொங்கலுக்கு ஊரிலிருந்து அழைப்பு வரவில்லை. வழக்கமாகப் பெரியப்பா வீட்டில்தான் எங்களுக்குப் பொங்கல். அங்கே அத்தைப் பாட்டிகள் நிறையப் பேர். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவார்கள், பால் கறக்கும்போது அசையாமல் நிற்கச் சொல்வார்கள். எனக்கு அது எதுவும் பிடிக்காது. அந்த முறை நாங்கள் நாலு பேரும் லைன் வீட்டு முற்றத்திலேயே பொங்கல் வைத்துவிட்டு, பஸ் ஏறித் திருமுருகன்பூண்டிக் கோவிலுக்குப் போனோம். அத்தை எனக்குக் கரும்பு கடித்துக் கொடுத்தார். கல் சிற்பம் செதுக்கும் பட்டறைகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்தோம்.

பெரியப்பா ஊர்ப் பக்கம், அவினாசிக்குப் போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. அப்பா அது கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். புழுதி கண்ணில் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அடுத்த வருசமும் நாம ஊருக்குப் போக வேண்டாமுங்கப்பா. இதுதானுங்க நல்லாருக்குது.”

“சரி கண்ணு” என்றார் அப்பா.