மே மாதத்தில் காணாமல் போன குதிரை

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். போகட்டும், போய் மாம்பழம் தின்னட்டும். வாரப் பத்திரிகையை எதற்காக நிறுத்த வேண்டும்?

அறுபதுகளின் நடுவில் என் அம்மா தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்துபோய் ஒரு வீட்டில் இட்லிக்கு மாவாட்டிக் கொடுத்தாள். முனிசிபல் பள்ளி விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். சமையலறைக்குப் பின்னால் பால்கனியில் ஆட்டுக்கல். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதற்குள், சிறுவர் பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த புத்தகம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். வருகிறவர்கள் பார்த்து மெச்சுவதற்காக அது அங்கே நின்றது.

கேட்டேன். அந்த வீட்டு மாமி யோசித்துவிட்டு, "கையை அலம்பிண்டு தொடு. வீட்டுக்கெல்லாம் எடுத்துண்டு போகப்படாது. இங்கேயே உக்காந்து படி" என்றாள். அவர்கள் தின்கிற மாவுக்குள் என் அம்மா கையை விட்டிருந்தாள். அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. புத்தகத்துக்குத்தான் என் கை அழுக்கு. கோபத்தை விழுங்கிக்கொண்டு கழுவினேன், புத்தகம் வேண்டுமே.

சர்க்கஸில் விரட்டிவிட்ட கிழட்டுக் குதிரையை ஒரு சிறுமி தன் ஊருக்கு நடத்திக்கொண்டு போகிற கதை. முதல் அத்தியாயத்திலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிப்பேன். மாவாட்டி முடியும்வரைதான் எனக்கு நேரம். குதிரை நொண்டினால் குழவியில் அவள் கை மெதுவாகும். குழாயடி வரிசையில் நின்றாலும், சந்துக்குள் சாக்கடையைத் தாண்டினாலும், என் பக்கத்தில் அந்தக் குதிரை நடந்துவந்தது.

ஒரு நாள் சிறுமியும் குதிரையும் வெள்ளம் ஓடுகிற ஆற்றில் இறங்கினார்கள். குதிரைக்குக் கழுத்தளவு தண்ணீர். 'தொடரும்' என்று போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சிறுமி மட்டும் அக்கரையில் ஒரு சத்திரத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மாமியிடம் ஓடினேன்.

"அதுவா? அது மே மாசம். நாங்க ஊருக்குப் போயிருந்தோம், பத்திரிகையை நிறுத்திட்டோம்."

"அப்போ குதிரை?"

"எந்தக் குதிரை?"

அந்த வீட்டில் ஒருவரும் அதைப் படித்ததே இல்லை. நடுவில் ஒரு மாதம் இல்லை என்ற கவலைகூட இல்லாமல் அட்டையில் பொன்னெழுத்து பொறித்து வைத்திருக்கிறார்கள்! எனக்கு அழுகை வரவில்லை. அலமாரிக் கண்ணாடியை உடைத்துவிடலாம் போல இருந்தது.

திரும்பும்போது ரயில் பாலத்தில் அம்மா நின்றுவிட்டாள். "ஏட்டி, நாம ஒரு நா மாவாட்ட வரலன்னா என்னா சத்தம் போடுதாவ! ஒரு மாசமா வாயில்லாச் சீவன் ஆத்துல கெடக்கு, என்னன்னு கேக்க ஆளில்ல. படிச்சவியளாம்!"

மறுநாள் சத்திரத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். அம்மா குழவியை நிறுத்தினாள்.

"குதிர கரையேறட்டும். பொறவு படி."

கரையேற்றினேன். வேறென்ன செய்ய? சிறுமி மரத்தில் கயிற்றைக் கட்டினாள், இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து நானும் இழுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அச்சில் குதிரையே இல்லை. செத்ததா, தொலைந்ததா என்று ஒரு வரியும் இல்லை. சில இடங்களில் சிறுமி தனியாக உட்கார்ந்து அழுதாள். அவற்றைத் தாண்டிப் போனேன். அவள் சோறு தின்றால் குதிரைக்குப் புல் போட்டேன். அவள் தூங்கினால் அதை ஒரு கொட்டகையில் கட்டினேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரையும் சேர்த்தே ஊருக்குள் விட்டேன்.

அன்று மாமி கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பாருங்கோடா, மாவாட்டறவ பொண்ணு, ஒரு எழுத்து விடாம எப்படி வாசிக்கறா!" என்றாள்.

அம்மா மாவை வழித்துக்கொண்டிருந்தாள். "ஊரு சேந்துட்டுல்லா, அது போதும்" என்றாள்.

பின்னாளில் அந்த நாவல் முழுசாக அச்சில் வந்தது. எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். நான் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன், ஆற்றுப் பக்கங்களைத் திறக்கவில்லை. குதிரை செத்திருந்தால் எழுதியவர்மேலும் கோபம் வந்துவிடும். அந்த வீட்டின்மேல் இருக்கிற கோபமே எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.